தண்ணீர் குடிக்கும் வண்டி

என் அக்காவின் கணவர் ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தை பேசுவார். அதில் பத்து 'ஆறட்டும்' என்பதாக இருக்கும். மீதி முப்பதில் பாதி ஸ்பேனர் நம்பர்கள்.

பழைய கார்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். அதிலும் சூடாகிற வண்டி என்றால் ஊரில் எல்லோரும் அவரிடம்தான் அனுப்புவார்கள். மற்ற மெக்கானிக்குகளும் அனுப்புவார்கள். திறமை மட்டும் அதற்குக் காரணம் இல்லை. கொதித்துக்கொண்டு வரும் எஞ்சினில் கை வைக்க முக்கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை மற்றவர்களுக்குக் கிடையாது. அத்தான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். பானெட்டைத் தூக்கி நிறுத்துவார். ரேடியேட்டர் மூடியின் பக்கமே கையைக் கொண்டு போகமாட்டார். "ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். வண்டிக்காரர் தாம் தூம் என்று குதித்தால், அவருக்கும் சேர்த்துத்தான் அந்த வார்த்தை. காத்திருப்பவர்களுக்காக ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றிய பின்சீட்டைப் பட்டறைச் சுவரோரம் போட்டிருக்கிறார். சுவரில் சாய்ந்துகொண்டு அதில் உட்கார்ந்தால் எங்கேயும் போகாத ஒரு பயணத்தில் இருப்பதுபோல் இருக்கும்.

நாளடைவில் அவருக்குப் பெயரே அதுவாகிவிட்டது. வண்டி புகைந்தால் ஊரில் கேட்கும் முதல் கேள்வி, "ஆறட்டும்கிட்ட காட்டினியா?"

அவருடைய இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வேறு நிறத்தில் இருக்கும். இருபத்தாறு வயதில் இன்னொருவர் பட்டறையில் வேலை பார்த்தபோது, முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு வண்டிக்காரர் "சீக்கிரம், சீக்கிரம்" என்று நச்சரித்திருக்கிறார். இவரும் மூடியைத் திருகிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டில் அக்காவுக்கு அவரைப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாமா என்று அப்பா கேட்கப் போனபோது "ஆறட்டும்" என்றாராம். என்ன ஆற வேண்டும் என்று அப்பா விறைப்பாகக் கேட்க, கட்டுப் போட்ட கையைக் காட்டினாராம். மூன்று மாதம் கழித்துக் கல்யாணம் நடந்தது. அவர் பேசாமல் விடுவதையெல்லாம் சேர்த்து அக்காதான் இருபத்தெட்டு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

நான் அவரைப் போல் இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நாற்பத்தேழு வயதாகியும் எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு அக்கா சொல்லும் ஒரே காரணம் அதுதான். குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் எழுத்தராக இருக்கிறேன். தண்ணீர் வரவில்லை, வந்தாலும் கலங்கலாக வருகிறது, தெருவில் வழிந்து ஓடுகிறது என்று வருபவர்களிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் குழாய்களில் விடும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு வழியில் எங்கே போகிறது என்று எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு வேலையில் இருப்பவனுக்கு வந்த சோதனையைத்தான் சொல்லப் போகிறேன்.

அது அம்மாவின் சிறுநீரகத்தில் தொடங்கியது. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வேலையை நிறுத்திவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்றார்கள். அதற்கான இயந்திரம் எங்கள் ஊரில் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. போகும்போது ஒரு ஏற்றம், திரும்பும்போது மறுபக்கத்து ஏற்றம். முதல் வாரம் பஸ்ஸில் அழைத்துப்போய், திரும்பி வரும்போது அம்மா மயங்கி விழுந்ததோடு பஸ்ஸை விட்டுவிட்டோம். வாடகை வண்டிக்காரர்கள் மலை என்றதும் வேறு வேலை இருப்பதாகச் சொன்னார்கள். ஆகவே என்னைவிடப் பதினைந்து வயதே இளைய என் கார்தான் கதி. வாரத்தில் இரண்டு நாள் நான் ஓட்டினேன், ஒரு நாள் அக்கா ஓட்டினாள். அத்தானிடம் கார் கிடையாது. ஸ்கூட்டர்தான். அதில் ரேடியேட்டர் இல்லை என்பது அவருக்கு அதில் பிடித்த அம்சம்.

டாக்டர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஒரு முறைகூடத் தவறக் கூடாது. அடுத்தது, அம்மாவுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் எந்தத் திரவமும் கூடாது. டீ, பால், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்து முக்கால் லிட்டர். குடித்த தண்ணீர் வெளியே போக வழி இல்லாததால் அது உடம்பிலேயே தங்கும், எடையாக ஏறும், மிஞ்சினால் நுரையீரலுக்குப் போகும்.

வீட்டில் தண்ணீருக்குக் காவல் நான். தினமும் காலையில் ஒரு பாட்டிலில் கோடு போட்டு, அளந்து ஊற்றி அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பேன். அதுதான் அன்றைய பங்கு. ஆபீசுக்குக் கிளம்பும் முன் ஒருமுறை பார்ப்பேன், வந்ததும் பார்ப்பேன். ஒரு நாள் சமையலறையில் அம்மா குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்து அதைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினேன். "சாகணும்னு முடிவு பண்ணிட்டியா?" என்று கத்தினேன்.  அந்த டம்ளரைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

கார் சூடாக ஆரம்பித்தது இரண்டாவது மாதத்தில். பாதி மலை ஏறியதும் முள் மெல்ல நகர்ந்து சிவப்புக் கோட்டுக்குப் போய்விடும். அங்கே ஒரு வளைவில் பெரிய மரம் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கிவிட்டு இருபது நிமிடம் நிற்பேன். பிறகு மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவேன். அதற்காகவே ஆறு ஒரு லிட்டர் பாட்டில்களை ஒரு பையில் போட்டுப் பின்சீட்டின் கீழே, அம்மாவின் காலடியில் வைத்திருந்தோம். டிக்கியில் அம்மாவின் சக்கர நாற்காலிக்கே இடம் போதவில்லை.

அத்தான் எந்த வண்டியையும் தொடுவதற்கு முன் கேள்வி கேட்பார். டாக்டர்கள் அப்படிக் கேட்டால் நாம் மரியாதையாகப் பதில் சொல்வோம்.

"நின்னா சூடாகுதா, ஓடினா சூடாகுதா?"

"ஓடினா."

"சமதரையிலயா, ஏத்தத்துலயா?"

"ஏத்தத்துல. பாதி மலையில. உங்ககிட்ட கொண்டு வந்து நிறுத்தினா முள்ளு நடுவுலயே நிக்குது."

"தண்ணி?"

"குடிக்குது. போயிட்டு வந்தா மூணு பாட்டில் காலி."

அத்தான் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "மூணு லிட்டரா?"

"ஒரு லிட்டர் கீழ சிந்தும்னு வெச்சுக்குங்க. ரெண்டு நிச்சயம்."

அக்காவிடமும் கேட்டார். அக்கா ஓட்டும் நாளிலும் மூன்று பாட்டில் காலியாகியிருந்தது. அதைச் சொல்ல அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது.

அத்தான் வண்டிக்கு அடியில் அட்டையை விரித்துவிட்டு ஒரு பகல் முழுக்கப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. இரண்டு லிட்டர் தண்ணீர் தரையில் விழாமல் காணாமல் போனால், அது எஞ்சினுக்குள்தான் போக வேண்டும். எஞ்சினுக்கும் அதன் தலைக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் வெந்துபோயிருந்தால் அப்படி ஆகும். அதை மாற்ற எஞ்சினைப் பிரிக்க வேண்டும். இந்த வண்டிக்குச் சாமான் தேடிப் பிடித்து, பிரித்து, மாட்டி முடிக்க ஒரு மாதம்.

ஒரு மாதம் என்றால் பன்னிரண்டு டயாலிசிஸ். அம்மாவால் இரண்டைக்கூடத் தவறவிட முடியாது.

"பிரிக்கிறதுக்கு முன்னால மத்த எல்லாத்தையும் பாத்துடறேன்" என்றார் அத்தான். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு. அடுத்த மூன்று வாரம், டயாலிசிஸ் இல்லாத நாட்களில் கார் அவர் பட்டறையில் நின்றது. ஃபேன் சரியாகச் சுற்றியது. சூடேறினால் தண்ணீருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, டீ போடும் பாத்திரத்தில் வெந்நீருக்குள் தொங்கவிட்டுப் பார்த்தார். அது திறக்க வேண்டிய சூட்டில் திறந்தது. அந்தப் பாத்திரத்துக்குப் பதிலாக அக்கா புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டாள். ரேடியேட்டரைக் கழுவினார். ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் கலந்தால் அது வெளுத்துவிடும், வெளுக்கவில்லை. சைலன்சருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து புகையை முகர்ந்தார்.

"தண்ணி போட்டவன்கிட்ட வாடை வரும்" என்றார் எழுந்து. "இதுகிட்ட வரல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு முறையும் சரியாகிவிட்டது என்று நம்பிக் கிளம்பி, அதே மரத்தடியில் போய் நிற்கிறவன் நான். மற்ற மெக்கானிக்குகளிடம் காட்டலாம் என்றுகூட ஒரு நாள் வாயை விட்டுவிட்டேன். "காட்டு" என்றார். அவர்களும் கடைசியில் இவரிடம்தான் அனுப்புவார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் வேறு பிரச்சினை. டயாலிசிஸ் அறைக்குள் போகும் முன் அம்மாவை எடை பார்ப்பார்கள். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறியிருந்தால் சரி. அம்மா மூன்றரை, நாலு என்று ஏறிக்கொண்டே வந்தாள். அங்கே இருக்கும் நர்ஸ் சின்ன உருவம், பெரிய குரல்.

"ரெண்டு நாளைக்கு நாலு கிலோ. என்னம்மா குடிக்கிறீங்க?"

"எச்சில முழுங்குறேன்" என்றாள் அம்மா.

நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பாட்டில், கோடு, காவல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. அந்த வாரம் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இன்னும் சில முறை இப்படி வந்தால் இதயம் தாங்காது என்றார். அன்று திரும்பி வரும்போது, மறுபக்கத்து ஏற்றத்தில் நாங்கள் நிற்கும் பாறையோரம் பானெட்டைத் தூக்கிவிட்டு, அதற்கு முன்னால் நின்றுகொண்டு எஞ்சினைத் திட்டினேன். ஒரு பக்கம் எங்கே போகிறதென்று தெரியாத தண்ணீர், இன்னொரு பக்கம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாத எடை. இரண்டையும் நாற்பது கிலோமீட்டர் ஒரே காரில் வைத்து ஓட்டிக்கொண்டு வந்தவன், இரண்டையும் தனித்தனியாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது வாரம் அத்தான் எங்கிருந்தோ ஒரு கைப்பம்பு வாங்கி வந்தார். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் அதைப் பொருத்தி, காற்றை அடித்து, அழுத்தத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்காவது கசிந்தால் முள் இறங்கும். நானும் அந்தப் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். அரை மணி நேரம் போனது. முள் ஆணி அடித்ததுபோல் நின்றது.

"எஞ்சின் குடிக்கல" என்றார்.

"அப்ப யாரு குடிக்கிறா? நானா?" என்று கத்தினேன்.

"ஆறட்டும்."

"வண்டி பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு அத்தான். இன்னும் என்ன ஆறணும்?"

அவர் பம்பைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு நானும் வரேன்."

மறுநாள் பட்டறையைப் பூட்டிவிட்டு முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார். பின்சீட்டில் அம்மா கொஞ்சம் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டாள். மாப்பிள்ளை முன்னால் சத்தமாகப் பேசுவதுகூட அம்மாவுக்கு இன்றுவரை பழகவில்லை. "மாப்பிள்ளைக்கு எதுக்குச் சிரமம்" என்று மட்டும் என்னிடம் சொன்னாள், அவர் காதில் விழும்படி.

"சிரமம் ஒண்ணும் இல்ல அத்தை" என்றார் அவர், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி.

வழக்கமான இடத்தில் முள் ஏறியது. மரத்தடியில் நிறுத்தினேன். சாவியைத் திருப்பப் போன என் கையைத் தட்டிவிட்டு, "ஓடட்டும், இறங்கி வா" என்றார். நாங்கள் இருவரும் முன்னால் போனோம். பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். பழைய கார் என்பதால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க உள்ளே ஆள் தேவையில்லை; கார்புரேட்டரில் இருக்கும் சின்ன லீவரைக் கையால் இழுத்தாலே போதும். அவர் இழுத்தார். எஞ்சின் உறுமியது.

"கீழ பாரு."

ரேடியேட்டரின் அடியிலிருந்து, தண்ணீரைச் சுற்றவிடும் பம்புக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸ் தெரிந்தது. எஞ்சின் வேகம் எடுக்க எடுக்க அது ஒட்டிக்கொண்டே போய், கடைசியில் பட்டையாகிவிட்டது. ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டு உறிஞ்சினால் அது ஒட்டிக்கொள்ளுமே, அப்படி. லீவரை விட்டார். ஹோஸ் மெதுவாக உப்பிப் பழையபடி உருண்டையானது.

"உள்ள ஒரு கம்பிச் சுருள் இருக்கும், ஒட்டாம தாங்குறதுக்கு. துருப்பிடிச்சுக் கரைஞ்சிருக்கு. வேகமா போனா பம்பு உறிஞ்சும், குழாய் ஒட்டிக்கும், தண்ணி சுத்தாது. நின்னா சரியாயிடும். அதான் பட்டறையில ஒண்ணும் தெரியல" என்றார். அதுவரை அவர் அவ்வளவு தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. "ஓடினா சூடாகுதுன்னு நீ சொன்னப்பவே இதைத்தான் பாத்திருக்கணும். உன்னோட ரெண்டு லிட்டர் என்னை வேற ரோட்டுல கூட்டிட்டுப் போயிடுச்சு."

எஞ்சினை நிறுத்தச் சொன்னார். கதவு வழியாகக் கையை விட்டு நிறுத்திவிட்டு வந்தேன். எனக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். ஒரு ரப்பர் குழாய். இருபது நிமிடம் கழித்து மூடியைத் திறந்து பார்த்தார். தண்ணீர் ஒரு டம்ளர் அளவுகூடக் குறைந்திருக்கவில்லை. போகலாம் என்று பானெட்டில் கை வைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆறட்டும்."

"ஆறிடுச்சு அத்தான்."

"இன்னும் கொஞ்சம்."

அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை. பானெட்டின் கீல் இருக்கும் இடத்தில், அதற்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே ஒரு கை அகலத்துக்கு இடைவெளி இருக்கும். அந்தப் பக்கம் பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஐந்து நிமிடம் தூக்கிய பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நின்றார். கடைசியில் இரண்டு முறை சத்தமாக இருமினார். பானெட்டைத் தடால் என்று மூடினார். எப்போதும் அதைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல்தான் மூடுவார். அம்மா ஜன்னலுக்கு வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று எடை மூன்று கிலோ எண்ணூறு. 

டயாலிசிஸ் நாலு மணி நேரம். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை ஓரமாக நிறுத்தி, அத்தான் அந்த ஹோஸைக் கழற்றினார். ஒரு கெட்டிக் கம்பியை அளவான குழாய் ஒன்றின் மேல் சுற்றிச் சுருளாக்கி, உள்ளே செருக ஆரம்பித்தார். புது ஹோஸ் கிடைக்கும்வரை அது தாங்கும். செருகிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"மச்சான், தண்ணியை வண்டி குடிக்கல. அத்தை குடிக்கிறாங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. காலடியில் ஆறு பாட்டில். நாங்கள் முன்னால் நிற்கும்போது தூக்கிய பானெட் திரைபோல மறைத்துவிடும். எத்தனை பாட்டில் ஊற்றினோம் என்று நானும் எண்ணியதில்லை, அக்காவும் எண்ணியதில்லை; வீடு வந்து காலியானதைத்தான் எண்ணினோம். நான் ஊற்றியதோ, அளக்காமல் வழிய வழிய ஊற்றியது. எழுபத்திரண்டு வயதில், இரண்டு சிறுநீரகமும் இல்லாமல், அம்மா எங்கள் எல்லோருக்கும் இரண்டு மாதமாகத் தண்ணி காட்டியிருக்கிறாள்.

"நீங்க பாத்துட்டு சும்மா நின்னீங்களா?" என்றேன். குரல் எழும்பியது. அந்தப் பக்கம் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அது விஷம் அத்தான் அவங்களுக்கு."

"பாக்கும்போதே பாதி பாட்டில் உள்ள போயிடுச்சு. நேரா மெஷினுக்குத்தானே வரோம், எடுத்துடுவாங்க. நான் போய் நின்னிருந்தா அப்புறம் அவங்க என் முகத்தைப் பாக்கவே மாட்டாங்க."

"நான் போய்க் கேக்கறேன்."

"ஆறட்டும்."

"எது ஆறணும்?"

"நீ" என்றார்.

நடைபாதைக் கல்லில் உட்கார்ந்தேன். அம்மாவின் கையிலிருந்து பிடுங்கிய டம்ளர் ஞாபகம் வந்தது. அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தது ஞாபகம் வந்தது. மகன் வீட்டில் ஒரு வாய் தண்ணீருக்கு வழியில்லாமல், மலையில் வண்டி கொதிக்கட்டும் என்று ஒரு மனுஷி காத்திருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அதைக் கோபம் மாதிரி காட்டிக்கொண்டேன். அத்தான் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு இருவரும் உள்ளே போய் நர்ஸிடம் சொன்னோம். அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியாது. அம்மாவின் காதுக்கு இது போகக் கூடாது என்று அத்தான் கேட்டுக்கொண்டார். அப்புறம் இன்னொன்று கேட்டார். முக்கால் லிட்டரில் கொஞ்சத்தை மிச்சம் பிடித்து வழியில் கொடுத்தால் தப்பா?

"கணக்குக்குள்ள இருந்தா எங்க குடிச்சா என்ன?" என்றார் நர்ஸ். "வீட்டுல நூத்தம்பது மில்லி குறைச்சுடுங்க."

ஆறு பாட்டிலும் டிக்கிக்குப் போயின. சக்கர நாற்காலியை மடக்கி நிமிர்த்தி வைத்தால் இடம் இருக்கிறது என்பதை அத்தான் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தார். அம்மாவின் காலடியில் ஒரே ஒரு சின்ன பாட்டில் வைத்தோம். அதில் நூற்றைம்பது மில்லி. "அத்தை, கால் நீட்டிக்குங்க. வண்டிக்கு இனிமே இவ்வளவு தண்ணி போதும்" என்றார்.

திரும்பும்போது ஏற்றத்தில் முள் நடுவில் நின்றது. அசையவில்லை. இரண்டு மாதத்துக்குப் பிறகு என் வண்டி மூச்சுவாங்காமல் மலை ஏறியது. அந்தச் சந்தோஷத்தில், வழியில் அம்மாவுக்காக நிறுத்துவதாகப் பேசி வைத்தது மறந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் நாங்கள் எப்போதும் நிற்கும் பாறையைத் தாண்டி ஓட்டிக்கொண்டே போனேன். கண்ணாடியில் பார்த்தபோது அம்மா தலையைத் திருப்பி, அந்தப் பாறை வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி சரியாயிடுச்சாடா?" என்று கேட்டாள். யாரோ தவறிவிட்டதாகக் கேள்விப்பட்டு விசாரிப்பதுபோல் இருந்தது குரல்.

 அத்தான் குனிந்து, நடுவில் நிற்கும் முள்ளை உற்றுப் பார்த்தார்.

"இல்ல அத்தை. ஏறுது. ஓரமா நிறுத்து மச்சான்."

எஞ்சின் விஷயத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நிழலே இல்லாத ஒரு வளைவில் நிறுத்தினேன். இருவரும் இறங்கினோம். அவர் பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். வெயிலில் பத்து நிமிடம் நின்றோம்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. புது ஹோஸ் போட்டாயிற்று. வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. வாரத்துக்கு மூன்று நாள், போகும்போது மரத்தடியில் மட்டும் சூடாகிறது. அக்காவிடம் சொல்ல வேண்டியிருந்தது; ஒரு ரகசியத்தை அவள் இத்தனை நாள் வாய்க்குள் வைத்திருப்பது இதுவே முதல் முறை. வீட்டில் அம்மாவின் பாட்டிலில் கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கிப் போட்டிருக்கிறேன். எடை இரண்டு கிலோவைத் தாண்டுவதில்லை. நர்ஸ் அம்மாவைப் பார்த்து, "நல்ல பிள்ளை" என்கிறார். 

ஒரே ஒரு நஷ்டம் அத்தானுக்கு. மலைப்பாதையில் போகிற ஊர்க்காரர்கள் எல்லோரும் என் வண்டி பானெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறார்கள். சொந்த மச்சான் வண்டியையே ஆறட்டுமால் சரி பண்ண முடியவில்லை என்று பேச்சு பரவிவிட்டது. இரண்டு மூன்று வண்டிக்காரர்கள் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக் அவர் முன்னாலேயே அதைச் சொல்லிச் சிரித்தார். அத்தான் ஸ்பேனர் நம்பர் ஒன்றைச் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வீட்டிலும் அதே பேச்சை எடுத்தபோது அம்மாதான் பதில் சொன்னாள்.

"வண்டிக்கு வயசாயிடுச்சு. மாப்பிள்ளையை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

அம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கப் போவதில்லை.

போன வாரம் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அந்த இடைவெளி எங்கே இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியும். அதனால் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊர் லாரி ஒன்று பக்கத்தில் வந்து மெதுவானது. டிரைவர் தலையை நீட்டினார்.

"என்ன, இன்னும் சூடாகுதா? ஆறட்டும்கிட்ட காட்டினியா?"

"காட்டினேன்."

"அவராலயும் முடியலியா?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. அந்த ஆளை லாரியிலிருந்து இறக்கி, ஹோஸைக் காட்டி, என் அத்தான் யார் என்று சொல்லியிருப்பேன். அப்போது பானெட்டுக்குப் பின்னால், காருக்குள்ளே, சின்ன பாட்டிலின் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது.

"முடியல" என்றேன்.

"தண்ணி ரொம்பக் குடிக்குதோ?"

"முன்னாடி குடிச்சுது" என்றேன். "இப்ப அளவாத்தான் குடிக்குது."